அமெரிக்க லாக் ஐபோன் 15: ஏர்டெல் டவர் பிடிக்குது, ஏர்டெல் சிம் மட்டும் ஏறாதா?

வைகைக்கரை கேட்டது:

ஐபோன் 15. அமெரிக்காவில் ஒரு மொபைல் நிறுவனத்தின் 36 மாதத் தவணையில் அக்கா பேரில் வாங்கியது. 14 தவணை கட்டியாச்சு. போன் இப்போ மதுரையில் என் கையில் இருக்கு. சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். செட்டிங்ஸில் ஜெனரல், அதுக்குள்ள அபவுட் போய்ப் பார்த்தால் கேரியர் லாக் என்ற வரியில் "சிம் லாக்ட்" (வித்த நிறுவனத்தின் சிம் தவிர வேறு ஏறாது) என்று காட்டுது.

எனக்குப் புரியாதது இதுதான். அக்காவின் அமெரிக்க நம்பர் இன்னும் அந்தப் போனில் இருக்கு. அது ரோமிங்கில் மேலே "ஏர்டெல்" என்று காட்டி நல்லாவே வேலை செய்யுது. ஏர்டெல் டவரைப் பிடிக்கிற போன் ஏர்டெல் சிம்மை ஏத்துக்காது என்கிறாங்களே, எப்படி?

பஜாரில் ஒரு கடைக்குப் போன் போட்டு விசாரிச்சேன். "சிப் வெச்சு ஓப்பன் பண்ணித் தர்றேன், 4,500 ரூபாய்" என்றார். செய்யலாமா? அதுக்கு முன்னாடி நாளைக்கே ஏர்டெல் ஸ்டோர் போய் என் நம்பரை இ-சிம்மா மாத்தி வெச்சுக்கலாம்னு இருக்கேன். ஜியோவா இருந்தால் ஏதாவது வித்தியாசம் உண்டா?

—

சிம்தட்டு எழுதியது:

முதல் வேலையா நாளைக்கு ஸ்டோர் போறதை நிறுத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

காரணம்: உங்க நம்பருக்கு இ-சிம் கொடுத்து அது ஆக்டிவ் ஆனதும் இப்போ கையில் இருக்கிற பிளாஸ்டிக் சிம் செத்துடும். லாக் ஆன போன் அந்த இ-சிம்மை வேலை செய்ய விடாது. அப்போ நம்பர் பழைய போனிலும் இல்லை, புதுப் போனிலும் இல்லை. வங்கி ஓடிபி, யூபிஐ எல்லாம் அந்தரத்தில். திரும்ப ஆதாரோட போய் பிளாஸ்டிக் சிம் வாங்கணும். சிம் மாத்தினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் போகவும் விடமாட்டாங்க (சிம் ஸ்வாப் மோசடிக்காகப் போட்ட விதி). ஆக ரெண்டு தடவை மாத்தினால் ரெண்டு நாள் ஓடிபி இல்லாமல் உட்காரணும். அபவுட்டில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்ற வரி வந்த பிறகுதான் இ-சிம் பேச்சே எடுக்கணும்.

இனி அந்த ஏர்டெல் புதிர். பூட்டு பார்க்கிறது டவரை இல்லை, சிம்மோட சொந்தக்காரரை. ஒவ்வொரு சிம்முக்குள்ளயும் ஐஎம்எஸ்ஐ என்று ஒரு நீள நம்பர் உண்டு. அதில் முதல் மூணு இலக்கம் நாடு, அடுத்த ரெண்டோ மூணோ நிறுவனம். ஏடி அண்ட் டி சிம் 310-410, டி-மொபைல் சிம் 310-260 என்று தொடங்கும். இந்திய சிம் 404 அல்லது 405. அக்காவின் சிம் மதுரையில் எந்த டவரில் தொத்திக்கிட்டாலும் ஐஎம்எஸ்ஐ 310 தான், அதனால போன் வாயைத் திறக்காது. உங்க ஏர்டெல் சிம் 404 என்று சொன்ன அடுத்த நொடி கதவு சாத்திடும். ஏர்டெல், ஜியோ, வி, பிஎஸ்என்எல் நாலுக்கும் இதே கதிதான். (அக்கா நம்பருக்கு டேட்டா ரோமிங்கை அணைச்சு வைங்க. பில் டாலரில் வரும்.)

ஐபோனில் இந்தப் பூட்டு போனுக்குள்ள கோடு (திறக்கும் எண்) போட்டுத் திறக்கிற மாதிரி இல்லை. ஒவ்வொரு ஐஎம்இஐக்கும் (போனோட 15 இலக்க அடையாள எண்) "இது எந்த நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டது" என்று ஆப்பிளின் ஆக்டிவேஷன் சர்வரில் ஒரு பதிவு இருக்கு. போன் ஆக்டிவேட் ஆகும்போது அந்தப் பதிவு கையெழுத்துப் போட்ட சீட்டா இறங்கி மோடத்தில் உட்காரும். அதனால ஃபேக்டரி ரீசெட், ஐஓஎஸ் அப்டேட், டௌன்கிரேடு எதுவும் உதவாது. நல்ல பக்கமும் இதிலேயே இருக்கு: போனை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். அக்கா அங்கிருந்தே தன் கணக்கில் கேட்டால் போதும். நிறுவனம் ஆப்பிளுக்குச் சொல்லும், பதிவு மாறும், உங்க போன் மதுரை வைஃபையிலேயே புதுச் சீட்டை வாங்கிக்கும்.

எப்போ கொடுப்பாங்க? அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஏடி அண்ட் டி: தவணை முழுக்கத் தீர்ந்திருக்கணும், கணக்கில் பாக்கி கூடாது, குறைந்தது 60 நாள் ஓடியிருக்கணும். ப்ரீபெய்டு என்றால் ஆறு மாதம். அவங்களுக்குத் தனி அன்லாக் பக்கம் இருக்கு. அதில் ஐஎம்இஐ போட்டு விண்ணப்பிக்கணும். உடனே ஒரு மின்னஞ்சல் வரும், அதிலுள்ள இணைப்பை 24 மணி நேரத்துக்குள் அழுத்தி உறுதி செய்யணும். பலர் கோட்டை விடுறது இங்கேதான்: அந்த மெயில் ஸ்பாமில் போய் விழுந்திருக்கும், "ரெண்டு நாளா பதிலே இல்லை" என்று காத்திருப்பாங்க. உறுதி செய்தால் ரெண்டு வேலை நாளில் முடிவு வரும்.

டி-மொபைல்: போஸ்ட்பெய்டு என்றால் தவணை தீர்ந்திருக்கணும், அந்த லைனில் போன் 40 நாள் ஓடியிருக்கணும். ப்ரீபெய்டு என்றால் 365 நாள்.

வெரைசன்: 2019 முதல் பல வருஷம், 60 நாள் ஆனால் தவணை பாக்கி இருந்தாலும் தானாகவே பூட்டு கழன்றுடும். 2008 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் சி-பிளாக் அலைவரிசை வாங்கினப்போ ஒத்துக்கிட்ட நிபந்தனையிலிருந்து வந்த வழக்கம் அது. உங்க போன் 14 மாதமாகியும் லாக் காட்டுறதால அநேகமா இது வெரைசன் இல்லை. வெரைசனாக இருந்தால் வாங்கிய தேதியைச் சொல்லி, அதுக்கு எந்த விதி பொருந்தும் என்று அக்காவைக் கேட்கச் சொல்லுங்க.

உங்க கணக்கு: போன் சுமார் 830 டாலர் என்று வெச்சால் மாதம் 23 டாலர் சொச்சம். பாக்கி 22 தவணை, அதாவது 507 டாலர் பக்கம் ஒரேடியாக் கட்டணும். அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேட்டே ஆகணும். "இலவச ஐபோன்" திட்டம் பெரும்பாலும் மாதாமாதம் பில்லில் கழிவு கொடுத்து வர்றது. லைனை ரத்து செய்தால் மிச்சக் கழிவு போச்சு. முன்கூட்டியே அடைச்சாலும் சில திட்டங்களில் கழிவு நின்னுடும். "இன்னைக்கு முழுசா அடைச்சால் மீதிக் கழிவு வருமா, வராதா" என்று இதே வார்த்தையில் சாட்டில் கேட்டு, பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்க. அன்லாக் கையில் வரும்வரை லைனை ரத்து செய்ய வேண்டாம். கணக்கு மூடினவருக்கும் அன்லாக் கிடைக்கும், ஆனால் லாகின் போயிடும், கஸ்டமர் கேரில் தொங்கணும்.

—

பஜார்பெஞ்ச் எழுதியது:

அந்த 4,500 ரூபாய் சிப் பற்றி ரெண்டு வார்த்தை. கடைக்காரர் உங்க போனைப் பார்க்கவே இல்லை என்பது அவர் சொன்னதிலேயே தெரியுது. தட்டே இல்லாத போனில் சிப்பை எங்கே வைப்பார்?

ஆர்-சிம், டர்போ சிம் என்று விற்கிறது கை நகத்தில் பாதி அளவு ஃப்ளெக்ஸ் தாள். ஒரு பக்கம் தங்கத் தடங்கள், ஓரத்தில் கடுகளவு ஒரு சிப். அதை நானோ சிம்மின் தங்கப் பட்டைமேல் ஒட்டி ரெண்டையும் சேர்த்துத் தட்டில் தள்ளுவாங்க. ஆக்டிவேஷன் நேரத்தில் சிம்முக்கும் போனுக்கும் நடுவில் நின்னு "நான் அந்த நிறுவன சிம்தான்" என்று வேறு நம்பரைச் சொல்லும். ஆக்டிவேஷன் முடிஞ்சதும் உண்மையான சிம்மைப் பேச விட்டு ஒதுங்கும். பூட்டு திறக்கவே இல்லை, காவலாளிக்குப் பொய் அடையாள அட்டை காட்டின கதைதான். ஆப்பிள் அந்த ஓட்டையை அடைச்சால் அடுத்த அப்டேட்டில் சிக்னல் போயிடும். அதனால சிப் வெச்ச போனை அப்டேட் பண்ணவே பயப்படணும். தட்டும் தடிச்சுப்போய் சிம் பின் வளையும். 14 வரிசையிலிருந்து அமெரிக்க ஐபோனுக்குத் தட்டே இல்லை என்பதால் உங்களுக்கு இந்தக் கதை முழுக்கப் பொருந்தாது.

இன்னொரு வலை, "ஐஎம்இஐ கொடுங்க, 24 மணி நேரத்தில் நிரந்தர அன்லாக்" என்கிற இணையதளங்கள். முதலில் சின்னத் தொகை வாங்கிட்டு, "உங்க போன் பிரீமியம் வகை, இன்னும் இவ்வளவு" என்று ரெண்டாவது பில் போடுவாங்க. தவணை பாக்கி இருக்கிற போனுக்கு நேர்வழி ஒன்னுதான், பாக்கியை அடைக்கிறது.

பழைய ஆண்ட்ராய்டில் கோடு போடும் முறை உண்டு. வேறு சிம் போட்டதும் "சிம் நெட்வொர்க் அன்லாக் பின்" என்று கேட்கும். அதில் சும்மா யூகிச்சு அடிக்காதீங்க. எத்தனை தடவை தப்பலாம் என்பதுக்கு எண்ணிக்கை உண்டு. அது தீர்ந்தால் சரியான கோடு வந்தாலும் போன் வாங்கிக்காது.

கடைக்கு வர்றவங்க எல்லாத்தையும் "லாக்" என்ற ஒரே சொல்லில் சொல்வாங்க. அது நாலு வேறு வியாதி:

கேரியர் லாக்: மேலே பேசினது. நிறுவனம் திறக்கும்.

ஆக்டிவேஷன் லாக்: பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் ஐடி. ரீசெட் செய்தால் அவர் பாஸ்வேர்டு கேட்கும். அவர் ஐகிளவுடிலிருந்து போனை நீக்கினால்தான் தீரும். அக்கா போன் என்பதால் இப்பவே அவர் ஃபைண்ட் மை-யிலிருந்து எடுத்துடட்டும்.

ரிமோட் மேனேஜ்மென்ட்: அலுவலகம் கொடுத்த போன். ரீசெட் செய்ததும் கம்பெனி பேரோட ஒரு திரை வரும். ஐடி பிரிவு விடுவிக்கணும்.

பிளாக்லிஸ்ட்: திருட்டு, தொலைந்தது, தவணை கட்டாமல் ஓடினது. இதில் ஐஎம்இஐயே கறுப்புப் பட்டியலில். அன்லாக் கேட்டாலும் மறுப்பாங்க. "அமெரிக்காவை விட்டு வந்தாச்சு, இனி எதுக்குத் தவணை" என்று நிறுத்தினால் உங்க போனும் இங்கே வந்து நிற்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க *#06# அடிச்சு ஐஎம்இஐ எடுங்க. ஆங்கிலத்தில் கே ஒய் எம் என்ற மூணு எழுத்து, ஒரு இடைவெளி, 15 இலக்க ஐஎம்இஐ, இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. போனின் பிராண்டு, மாடல், நிலைமை பதிலா வரும். கையில் இருக்கிற போனும் பதிலில் வர்ற மாடலும் வேறாக இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்.

—

தாமிரபரணி எழுதியது:

இதே இழையில் கேட்டுக்கிறேன். சாம்சங் எஸ்23 அல்ட்ரா, அமெரிக்க டி-மொபைல் போன், தவணை முடிஞ்சு முறையா அன்லாக் ஆனது. ஜியோ சிம்மில் இன்டர்நெட் பறக்குது, ஆனால் கால் போகவும் இல்லை, வரவும் இல்லை. ஏர்டெல் சிம் போட்டால் கால் வருது, பேசும்போது நெட் நின்னுடுது. போன் பழுதா, இல்லை அன்லாக் அரைகுறையா?

—

பேண்ட்நாற்பது எழுதியது:

ரெண்டும் இல்லை, உங்க போனில் வோல்டிஇ (4ஜி வலையிலேயே குரல் போகும் முறை) ஓடலை. அன்லாக் என்றால் "வேறு சிம்மை ஏத்துக்கிறேன்" என்று மட்டும்தான் அர்த்தம். அந்த சிம்முக்கு எல்லா வசதியும் தர்றேன் என்று போன் வாக்குக் கொடுக்கலை.

ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. குரல் போகணும் என்றால் 4ஜி மேல வோல்டிஇ, இல்லாட்டி 5ஜி குரல், இல்லாட்டி வைஃபை காலிங். மூணும் இல்லை என்றால் டேட்டா மட்டும்தான். ஏர்டெலுக்குப் பழைய 2ஜி இன்னும் இருக்கு (3ஜியை 2020லேயே மூடிட்டாங்க). அதனால கால் வரும்போது போன் 4ஜியை விட்டு 2ஜிக்கு இறங்கிப் பேசுது, நெட் படுத்துடுது. பேசி முடிச்சதும் மேலே 4ஜி திரும்ப வரும். நீங்க பார்க்கிறது அச்சு அசல் இதுதான்.

வோல்டிஇ ஓடணும் என்றால் அந்த நிறுவனத்துக்கான அமைப்பு போனின் மென்பொருளில் இருக்கணும். ஐபோனில் ஜியோ, ஏர்டெல், வி-க்கான கேரியர் கோப்பை ஆப்பிளே எல்லா நாட்டுப் போனுக்கும் தர்றதால இந்தத் தொல்லை இல்லை. சாம்சங் நாட்டுக்கு நாடு வேறு மென்பொருள் போடும்.

பார்க்க வேண்டிய வரிசை: கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ் உள்ளே "வோல்டிஇ கால்ஸ்" என்று ஒரு சுவிட்ச் வரணும். சுவிட்சே இல்லை என்றால் அந்த சிம்முக்கு மென்பொருளில் இடமே இல்லை. அடுத்து அபவுட் போன், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன், அதில் "சர்வீஸ் ப்ரொவைடர் சாஃப்ட்வேர் வெர்ஷன்" என்று நீளமா ஒரு வரி. கடைசியில் சாய்கோடு போட்டு மூணெழுத்துக் குறிகள் இருக்கும். டிஎம்பி என்றால் டி-மொபைல், ஏடிடி என்றால் ஏடி அண்ட் டி, எக்ஸ்ஏஏ என்றால் எந்த நிறுவனமும் சாராத அமெரிக்கப் போன். ஐஎன்எஸ் என்றால் இந்தியா. உங்களுடையதில் டிஎம்பி நிற்கும்.

உங்க மாடல் எண் எஸ்918யு என்று முடியும். சுதந்திரமா விற்கிற அமெரிக்க வகை எஸ்918யு1. இந்தியாவில் விற்கிறது எஸ்918பி. யு போனில் யு1 மென்பொருளை ஓடின் (கம்ப்யூட்டரிலிருந்து சாம்சங் மென்பொருள் ஏத்தும் நிரல்) வழியா ஏத்தலாம், வன்பொருள் ஒன்னுதான். நிறுவனத்தின் ஆப் குப்பைகளும் போயிடும். ஆனால் யு போனில் இந்திய பி மென்பொருள் ஏறாது. கையெழுத்து வேறு, அமெரிக்க சாம்சங்கின் பூட்லோடரும் (போனை முதலில் கிளப்பும் நிரல்) திறக்காது. "இந்திய ரோம் (போன் மென்பொருள்) ஏத்தித் தர்றேன்" என்று காசு கேட்டால் நழுவிடுங்க.

யு1 ஏத்துறதாக இருந்தால் மூணு எச்சரிக்கை. ஒன்னு, போனில் இருக்கிறது அத்தனையும் அழியும். ரெண்டு, மென்பொருள் எண்ணில் கடைசியிலிருந்து அஞ்சாவது எழுத்து பூட்லோடர் பதிப்பு, இப்போ இருப்பதைவிடக் குறைஞ்சதை ஏத்த முடியாது, பாதியில் ஃபெயில் அடிக்கும். மூணு, யு-விலிருந்து யு1-க்குப் போக சாதாரண ஓடின் பெரும்பாலும் மறுக்கும், மாற்றி அமைத்த ஓடின் வேண்டியிருக்கும். இதெல்லாம் செய்தாலும் ஜியோ சுவிட்ச் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. தினம் பேசுற நம்பர் அது என்றால், என் கணக்குக்கு, 2ஜி வலை இருக்கிற ஏர்டெலோ வி-யோ போட்டுட்டு வேலையைப் பார்க்கிறதே லாபம். வீட்டில் வைஃபை காலிங் சுவிட்ச் வருதா என்றும் பாருங்க.

மத்தவங்களுக்கு ஒரு குறிப்பு: டி-மொபைல் சாம்சங்கைத் திறக்கிறது ஐபோன் மாதிரி தானா நடக்காது. கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ், நெட்வொர்க் அன்லாக் என்று போனிலேயே ஒரு இடம். இன்டர்நெட்டோட அதில் "பெர்மனென்ட் அன்லாக்" அழுத்தணும். "டெம்பரரி" என்பதை அழுத்தினால் 30 நாளில் திரும்பப் பூட்டிக்கும். அதை அழுத்திட்டு "அன்லாக் ஆன போன் திரும்ப லாக் ஆயிடுச்சு" என்று புலம்புற பதிவுகள் நிறைய.

பிக்சல் வெச்சிருக்கிறவங்க குழப்பிக்கிற இன்னொன்னு: சிம் பூட்டு வேறு, பூட்லோடர் பூட்டு வேறு. வெரைசன் பிக்சலில் சிம் பூட்டு கழன்ற பிறகும் பூட்லோடர் திறக்காது. வேறு ரோம் போடுற ஆசை இருந்தால் வெரைசன் பிக்சல் வாங்காதீங்க. சிம் போட்டுப் பேசினால் போதும் என்றால் அது உங்களைப் பாதிக்காது.

பேண்ட் (போன் பிடிக்கிற அலைவரிசை எண்) விஷயமும் பார்த்துடுங்க, இது அன்லாக்கால் தீராத வன்பொருள் சமாச்சாரம். அமெரிக்காவில் 4ஜி அதிகம் ஓடுறது 2, 4, 12, 13, 66, 71. இங்கே ஜியோவுக்கு 3, 5, 40. ஏர்டெலுக்கு 1, 3, 8, 40. வி-க்கு 1, 3, 8, 41. பிஎஸ்என்எல் 4ஜி 28, 1 வழியா வருது. 5ஜியில் ஜியோ, ஏர்டெல் ரெண்டுக்கும் முக்கியம் என்78, ஜியோவுக்குக் கூடவே என்28. விலை கூடின ஐபோன், எஸ் வரிசைப் போன்களில் இதெல்லாம் இருக்கும். நிறுவனங்கள் ப்ரீபெய்டில் 50, 100 டாலருக்குத் தள்ளிவிடுற மலிவுப் போன்களில் 40 இருக்காது, சிலதில் 3 கூட இருக்காது. அன்லாக் செய்து கொண்டுவந்தாலும் வீட்டுக்குள்ள ஒரு கோடு சிக்னல்தான். வாங்குறதுக்கு முன்னாடி மாடல் எண்ணை வெச்சுத் தயாரிப்பாளர் பக்கத்தில் பேண்ட் பட்டியலைப் பாருங்க. பேரை வெச்சுப் பார்க்காதீங்க, ஒரே பேரில் நாலு மாடல் இருக்கும்.

—

கோண்டாவில் எழுதியது:

இலங்கைக்குக் கொண்டுவாற ஆக்களுக்கு ஒரு படி கூட இருக்கு. லொக் திறந்தாலும் காணாது, ஐஎம்இஐ தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிலை பதிஞ்சிருக்க வேணும். ஆங்கிலத்திலை ஐஎம்இஐ எண்டு அடிச்சு, இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிஞ்சதோ இல்லையோ எண்டு பதில் வரும். 2025 ஜனவரி கடைசியிலையிருந்து பதியாத புது போன்களை வலையமைப்புகள் ஏற்கிறதில்லை. இரட்டை சிம் போன் எண்டால் ரெண்டு ஐஎம்இஐயையும் பாருங்கோ.

லண்டன், கனடாவிலை இருந்து வாற போன்களுக்கு லொக் பிரச்சினை இப்ப பெரிசா இல்லை. கனடாவிலை 2017 டிசம்பரிலையிருந்து புது போன் எல்லாம் திறந்தபடிதான் விக்கவேணும், பழசையும் காசில்லாமல் திறந்து குடுக்கவேணும். பிரித்தானியாவிலை 2021 டிசம்பரிலை இருந்து லொக் போட்டு விக்கத் தடை. அதுக்கு முந்தி வாங்கின பழைய போனை ஆரும் தந்தால்தான் கவனிக்கவேணும்.

—

சிம்தட்டு எழுதியது:

ஜப்பானையும் சேர்த்துக்கலாம். 2021 அக்டோபர் 1 முதல் அங்கே புதுப் போனுக்கு சிம் பூட்டு போடக்கூடாது. அதுக்கு முன்னாடி வித்ததை அந்தந்த நிறுவனத்தின் இணையக் கணக்கில் திறக்கலாம். சிங்கப்பூரில் பூட்டு வழக்கமே கிடையாது. ஆக நம்ம ஊருக்கு வர்ற லாக் போன் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்துதான்.

—

வைகைக்கரை எழுதியது:

ஸ்டோர் போகலை, நன்றி. நிறுவனத்தில் கேட்டதில், முன்கூட்டியே அடைச்சாலும் லைன் ஓடுறவரை கழிவு தொடரும் என்று எழுத்தில் கொடுத்தாங்க. அக்கா அடைச்சு, விண்ணப்பிச்சு, ஒப்புதல் மெயிலும் வந்தாச்சு. ஆனால் போனில் இன்னும் "சிம் லாக்ட்" என்றே இருக்கு. ரீசெட் பண்ணணுமா? அப்புறம் இ-சிம்முக்கு ஸ்டோர்தான் போகணுமா, வீட்டிலிருந்தே முடியுமா?

—

சிம்தட்டு எழுதியது:

உடனே ரீசெட் வேண்டாம். வைஃபை போட்டு, போனை ஒரு தடவை அணைச்சு ஏத்துங்க, அபவுட் பக்கத்தைத் திறந்து ஒரு நிமிஷம் விடுங்க. புதுச் சீட்டு இறங்கினால் வரி மாறிடும். ஒரு நாள் கழிச்சும் மாறலை என்றால் கம்ப்யூட்டரில் முழு பேக்கப் எடுத்துட்டு, ஃபைண்டர் அல்லது ஐடியூன்ஸில் ரீஸ்டோர் செய்யுங்க. ரீஸ்டோருக்குப் பிறகு ஆக்டிவேஷன் புதுசா நடக்கும், அப்போ கண்டிப்பா சர்வரைக் கேட்கும். அதுக்கு அப்புறமும் லாக் என்றால் நிறுவனம் ஒப்புதல் கொடுத்திருக்கு, ஆப்பிளுக்குத் தகவல் போகலை என்று அர்த்தம். அக்கா அந்த ஒப்புதல் எண்ணை வெச்சு மறுபடி கேட்கணும். விண்ணப்பத்தில் போட்ட ஐஎம்இஐ சரியா என்றும் பாருங்க. ஐபோன் 15க்கு ரெண்டு ஐஎம்இஐ உண்டு. முதலாவதைத்தான் கொடுக்கணும்.

ரீஸ்டோர் செய்யும்போது அக்காவின் அமெரிக்க இ-சிம்மை அழிக்கவா என்று கேட்டால், "வைத்துக்கொள்" என்று கொடுங்க. கழிவு வரணும் என்றால் அந்த லைன் ஓடணும், நிறுவனக் கணக்கில் நுழையவும் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போகும்.

"நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" வந்ததும் வீட்டிலிருந்தே முடியும். காலை நேரத்தில், அன்னைக்கு வங்கி வேலை எதுவும் இல்லாத நாளாப் பார்த்துச் செய்யுங்க, 24 மணி நேர எஸ்எம்எஸ் தடை ஞாபகம் இருக்கட்டும்.

ஏர்டெல்: பழைய போனில் இருக்கிற உங்க சிம்மிலிருந்து, ஆங்கிலத்தில் இ-சிம் (நடுவில் கோடு இல்லாமல்), இடைவெளி, ஏர்டெலில் பதிவான மின்னஞ்சல் முகவரி, இதை 121க்கு அனுப்பணும். பதில் எஸ்எம்எஸ் வந்ததும் 60 விநாடிக்குள் 1 என்று திருப்பி அனுப்பணும். பிறகு ஒரு ஒப்புதல் அழைப்பு வரும், எடுத்து ஒத்துக்கிட்டால் கியூஆர் கோடு மின்னஞ்சலில் வரும். அறுபது விநாடியைத் தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும், அதனால போனைக் கையிலேயே வெச்சிருங்க.

ஜியோ என்றால் மின்னஞ்சல் இல்லை, போனின் இஐடி (இ-சிம் சிப்போட அடையாள எண்) வேணும். *#06# அடிச்சால் 32 இலக்க இஐடியும் 15 இலக்க ஐஎம்இஐயும் காட்டும். ஆங்கிலத்தில் கெட்-இ-சிம் என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதி, இஐடி, ஐஎம்இஐ ரெண்டையும் இடைவெளி விட்டு 199க்கு அனுப்பணும். 19 இலக்க இ-சிம் எண் ஒன்னு வரும், அதை வெச்சு அடுத்த படி. இஐடியைக் கையால் தட்டச்சு செய்யாதீங்க. அபவுட் பக்கத்தில் அழுத்திப் பிடிச்சுக் காப்பி எடுத்து வாட்ஸாப்பில் பழைய போனுக்கு அனுப்பி ஒட்டுங்க. 32 இலக்கத்தில் ஒன்னு தப்பினாலும் இ-சிம் வேறு எங்கேயோ போய் நிற்கும்.

கியூஆரை ஸ்கேன் பண்ண இன்னொரு திரை வேணும், லேப்டாப்போ பழைய போனோ போதும். ஐஓஎஸ் 17.4க்கு மேல என்றால் அதே ஐபோனில் மெயிலைத் திறந்து கியூஆர் மேல விரலை அழுத்திப் பிடிச்சால் "ஆட் இ-சிம்" வரும். ஒரு கியூஆர் ஒரு தடவைதான். ஏறின பிறகு "நெட்வொர்க் வரலையே" என்று அவசரப்பட்டு இ-சிம்மை டெலீட் பண்ணிடாதீங்க, ஆக்டிவ் ஆக ரெண்டு மணி நேரம் வரை எடுக்கும். டெலீட் பண்ணினால் அதே கியூஆர் திரும்ப ஏறாது.

ஐமெசேஜ் "வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்" என்று சுத்திக்கிட்டே இருந்தால் போனைக் குறை சொல்லாதீங்க. நம்பரைச் சரிபார்க்க ஐபோன் வெளிநாட்டு எண் ஒன்னுக்கு ஓசைப்படாமல் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். ப்ரீபெய்டில் அன்லிமிடெட் பேக் மட்டும் இருந்தால் அது போகாது, மெயின் பேலன்ஸில் சில ரூபாய் இருக்கணும். எஸ்எம்எஸ் தடை முடியாத முதல் நாளிலும் அது போகாது. மறுநாள் ஐமெசேஜை அணைச்சுப் போட்டால் ஏறிடும். டூயல் சிம்மில் அமெரிக்க நம்பரும் இருக்கிறதால, மொபைல் டேட்டா எந்த நம்பருக்கு என்ற இடத்தில் ஏர்டெலைத் தேர்ந்தெடுத்து, "அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்" என்பதை அணைச்சிடுங்க. இல்லாட்டி ஏர்டெல் சிக்னல் குறையும்போது போன் தானாகவே அக்கா நம்பரின் டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும்.

—

வைகைக்கரை எழுதியது:

அணைச்சு ஏத்தினதுமே வரி மாறிடுச்சு, ரீஸ்டோர் தேவைப்படலை. 121க்கு அனுப்பினேன், 1 அனுப்பியாச்சு, ஒப்புதல் அழைப்புக்குக் காத்திருக்கேன். பஜார் கடைக்காரர்கிட்ட தட்டு எங்கே இருக்குன்னு கேட்டேன். "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்.